வெட்டி எறிந்த ஒரு வரி

இப்போதெல்லாம் அவள் யார் பேச்சையும் நடுவில் வெட்டுவதில்லை. நம்பர் மாற்றிப் போன் போட்ட யாரோ ஒருவர் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்கூடக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள். "அடுப்புல பால் பொங்குது, நீ யாரோட முட்டிக்கோ மருந்து சொல்லிட்டிருக்கே" என்று அவள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் அவர் நாலு வாக்கியம் பேசினால், மூன்றைக் காற்றில் விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்ன பெண்டாட்டிதான் இவள். இந்த மாற்றம் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தலையில் அடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அமைதிப் படையின் ரேடியோவில் அவள் ஒன்பது வருஷம் அறிவிப்பாளராக இருந்தாள். அங்கே அவளுக்கு 'நாலு நாக்கு' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும்போது மரியாதைக்கு ஒரு 'அக்கா' சேர்த்துக்கொள்வார்கள். அம்மா பேசியது ஒரு மொழி, அப்பா பேசியது இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாவது, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து குடியிருந்த பிள்ளைகளோடு தெருவில் விளையாடியே ஒட்டிக்கொண்டது நாலாவது. "நாலுலயும் சண்டை போடத் தெரியும், ஒண்ணுலகூட மன்னிப்புக் கேக்கத் தெரியாது" என்று வாத்தியார் அந்தக் காலத்தில் கிண்டல் செய்வார். இப்போது அந்தக் கிண்டலை அவர் செய்வதில்லை.

ரேடியோவுக்கு வருமுன் பதினோரு வருஷம் தந்தி ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் சுருக்குகிற பழக்கம் அவள் கையோடு ஒட்டிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வருவார்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். பாவமாக இருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்து விறுவிறுவென்று அடித்து, 'அப்பா சீரியஸ் உடனே வா' என்று நாலு வார்த்தையில் நிறுத்துவாள். வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு வருஷம் ஒருவரை எல்லாரும் கும்பிட்டால், தான் வெட்டுவதெல்லாம் வேண்டாத வார்த்தைதான் என்று அவருக்குத் தோன்றாதா? தோன்றியது.

பிறகு சண்டை வந்தது. ஆறு எல்லையாகிவிட்டது. அக்கரையில் வீடு வாசல் இருந்தவர்கள் பாதிப் பேர் இக்கரைக்கு ஓடிவந்தார்கள், பாதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வெள்ளை வண்டிகளில் அமைதிப் படை வந்து இறங்கியது. வந்த கையோடு ஒரு ரேடியோ நிலையமும் திறந்தார்கள். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரண்டு இரும்புக் கன்டெய்னர்களை ஒட்டவைத்து, உள்சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தையை அடித்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு கம்பளி விரித்திருக்கும், காகிதம் வைத்து எடுக்கிற சத்தம் மைக்கில் விழாமலிருக்க. ஒலிப்பதிவு நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து விறுவிறுத்துக்கொண்டே உலக அமைதியைப் பற்றி வாசிக்க வேண்டும்.

அவள் பொறுப்பில் இருந்தது 'உறவுகளுக்கு' என்ற நிகழ்ச்சி. முகாம்களில் இருப்பவர்கள் ஒரு மஞ்சள் படிவத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அக்கரையில் இருக்கும் சொந்தக்காரருக்கு எந்த மொழியோ அந்த மொழியில் அவள் பெயர்த்து, காலை பத்து மணிக்கு வாசிப்பாள். ஒரு செய்திக்கு இருபது விநாடி. அந்தக் கணக்கில் மேலாளர் கறார். அவர் கடல் கடந்து வந்தவர், இந்த ஊர் மொழி எதுவும் புரியாது, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டும் இருக்கும். அக்கரைக்கென்று குன்றின்மேல் தனிக் கோபுரம் வைத்திருந்தார்கள். அதிலிருந்து போகிற ஒலிபரப்பு இக்கரை முகாம்களில் கேட்காது. எழுதிக் கொடுத்தவர்கள் அவள் வாயை நம்பித்தான் கொடுத்தார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட முகாமிலிருந்து ஒரு தையல்காரி வந்தாள். முப்பது வயசு இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுப் பெண் குழந்தை. புருஷன் சைக்கிள் மெக்கானிக், அக்கரையில் எங்கேயோ பதுங்கியிருக்கிறான். அவள் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 'நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். இக்கரையில பள்ளிக்கூட முகாம்ல இருக்கோம். பயப்படாம வாங்க. சைக்கிள் பம்பைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் திருப்பித் தரலை.'

கடைசி வரியைப் படித்ததும் நாலு நாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே பற்றி எரிகிறது, இவளுக்குப் பம்ப் கவலை. தையல்காரி போனதும் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தாள். மீதியை வாசித்தபோது பதினாறு விநாடி வந்தது. மேலாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்துத் தையல்காரி மறுபடி வந்தாள்.

"அக்கா, எழுதினதை எல்லாம் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேம்மா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையுந்தான். நான் என்ன பாதியைத் தின்னுட்டா வாசிப்பேன்?"

தையல்காரியும் சிரித்தாள். அதே செய்தியை, அதே வார்த்தைகளில் இன்னொரு மஞ்சள் படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். நாலு நாக்கும் அதே இடத்தில் அதே கோட்டைப் போட்டாள். இப்படியே ஏழு மாசம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பம்ப் வரி வரும், சிவப்புக் கோடு விழும். ஒருதடவை வீட்டில் சாப்பிடும்போது வாத்தியாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்கூட. "அந்தாள் எதுக்கு வருவான்? வந்தா பக்கத்து வீட்டுக்காரன்கூடப் பம்புக்குச் சண்டை போடணுமே!"

வாத்தியார் மோரை ஊற்றிக்கொண்டே, "ஒரே விஷயத்தை ஒருத்தி பதினாலு தடவை எழுதுறான்னா, அதுல ஏதோ இருக்கும்டி" என்றார்.

"உங்களுக்கு எல்லாமே கணக்குத்தான்" என்று சொல்லி அவள் கை கழுவ எழுந்துவிட்டாள். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டாவது மாசம் தையல்காரி வந்தபோது படிவம் கேட்கவில்லை. தோளில் பை, குழந்தைக்கு இரட்டைச் சடை, புதுச் செருப்பு. வாசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"போய்ட்டு வர்றேங்க்கா. எங்களை வெளிநாட்டுல குடியேத்துறாங்க. ஆம்பளை துணை இல்லாதவங்களுக்கு முதல்ல இடம் குடுக்கிறாங்க. அவர் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அவசரப்பட்டுட்டியேம்மா. இருக்கலாமே, வந்தாலும் வருவார்."

"இல்லக்கா. இருந்திருந்தா வந்திருப்பார்." குழந்தையின் சடையைத் தடவிக்கொண்டே தையல்காரி சொன்னாள். "அங்கே ராணுவத்துக்காரங்க ஆம்பளைங்களை வெளியில வரவைக்க, பொண்டாட்டி புள்ளைங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கடுதாசி போடுவாங்க, மைக்குலகூடச் சொல்லுவாங்க. நம்பிப் போனவங்க திரும்பினதில்லை. அதனால பிரியும்போதே சொல்லிட்டார். 'யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், பம்ப் விஷயம் சொன்னாத்தான் நீயா சொன்னேன்னு நம்புவேன். வெளியில யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு. அந்தப் பம்ப் எங்களுக்குள்ளே ஒரு பழைய சண்டைக்கா. ஏழு மாசமா நீங்களும் விடாம அதைச் சொல்லிப் பார்த்துட்டீங்க. கேட்டிருந்தா நடந்தாவது வந்திருப்பார்."

நாலு நாக்கு நாலு மொழியில் எதிலாவது சொல்லியிருக்கலாம். 'நான் வாசிக்கலை, நீ போகாதே' என்று ஒரே ஒரு வாக்கியம், இருபது விநாடிகூட வேண்டாம். தந்தியாக இருந்தால் நாலு வார்த்தை. பஸ்காரன் ஹாரனை அடித்தான். தையல்காரி குனிந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களை மறக்க மாட்டேங்க்கா" என்றாள். குழந்தை பஸ்ஸின் கடைசி ஜன்னலிலிருந்து கையாட்டிற்று. இவளும் கையாட்டினாள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அன்று சாயங்காலத்துக்குள் அவள் பத்துக் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஆள் உண்மையிலேயே செத்திருக்கலாம், குழந்தைக்குக் கிடைத்த நல்ல வழியைக் கெடுக்கக் கூடாது, இனி பஸ்ஸை நிறுத்த முடியாது. வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ வேணும்னா செஞ்சே?" என்றார். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் பஸ் வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிஷம் வேண்டுமென்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பயம். கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தவள் முகத்தில் காறித் துப்பிவிடுவாளோ என்ற பயம். வேறொன்றுமில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, படிவம் இல்லாமலேயே, அந்தச் செய்தியை முழுசாக வாசித்தாள். பம்ப் வரியை இரண்டு தடவை வாசித்தாள். மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினார். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். அதற்கு மறுநாளும் வாசித்தாள். தையல்காரி இக்கரையில் இல்லை என்று தெரிந்தும், 'பள்ளிக்கூட முகாம்ல இருக்கோம்' என்று தன் வாயாலேயே வாசித்தாள். ஆள் உயிரோடு வந்துவிட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் அவன் வந்தான்.

முகாமில் விசாரித்துவிட்டு நேரே நிலையத்துக்கு வந்திருந்தான். ஆள் குச்சி மாதிரி இருந்தான். அறுந்த செருப்புவாரைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருந்தான். காவலாளி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் வெளியே வந்து "வாங்க தம்பி" என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதே குரல்தான். அக்கா, நீங்கதானா அது? ஏழு மாசமா உங்க குரலைக் கேட்டுட்டிருக்கேன். ஒரு கிணத்து மோட்டார் ரூம்ல இருந்தோம், நாலு பேருக்கு ஒரு ரேடியோ. அவ பேரு, பாப்பா எல்லாம் சரியா வரும். ஆனா ஒரு விஷயம் மட்டும் வராது. யாரோ பிடிச்சு வச்சுச் சொல்ல வைக்கிறாங்கன்னு நினைச்சேன். கூட இருந்தவன், 'போய்ப் பாரேன்டா'ன்னான். நான்தான் போகலை. அன்னைக்குப் பம்பைச் சொன்னீங்க பாருங்க, உடனே கிளம்பிட்டேன். ராணுவத்துக்காரன் கண்ணுல படாம ஆத்தைத் தாண்ட இத்தனை நாளாயிடுச்சு."

அவள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அவன் குடித்தான். இரண்டாவது டம்ளரும் குடித்தான்.

"முகாம்ல என்னென்னமோ சொல்றாங்க. அவ வெளிநாடு போயிட்டாளாம். நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாளாம்." அவன் குரலில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. அந்த ஒரு வார்த்தையை அவ ஏன் ஏழு மாசம் சொல்லலை? மறக்கிற ஆளில்லையே அவ. இல்ல, எம்மேல ஏதாவது கோபமா?"

இந்த இடத்திலும் அவளுக்கு ஒரு பொய் தயாராக நாக்கு நுனிவரை வந்தது. மறந்துவிட்டிருப்பாள் தம்பி, அலைச்சலில் இருந்தாளல்லவா என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். அவனும் நம்புவான். அவன் மனதில் அவன் பெண்டாட்டி பம்பை மறந்தவளாகவே இருந்துவிடுவாள்.

"அவ மறக்கலை தம்பி. ஒவ்வொரு தடவையும் எழுதிக் குடுத்தா. முதல் நாள்லேருந்து. நான்தான் வாசிக்கலை. தேவையில்லாத வரின்னு வெட்டிட்டேன். எல்லாம் வாசிச்சேன்னு அவகிட்டப் பொய்யும் சொன்னேன்."

உள்ளே போய் மஞ்சள் படிவங்களை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். எல்லாவற்றிலும் கடைசி வரியின்மேல் சிவப்புக் கோடு. அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். திட்டுவான், கையை ஓங்குவான் என்று அவள் காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

தையல்காரியைக் குடியேற்றிய வெளிநாட்டு அலுவலகத்துக்கு அவள் அன்றைக்கே எழுதிப் போட்டாள். அதற்குப் பின்னும் வருஷக்கணக்கில் எழுதினாள். விதவை என்று பதிவானவருக்குப் புருஷன் இருப்பதாக வந்த கடிதம் எந்த மேஜையில் தூங்கியதோ, ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு அவன் படிவங்களை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"அக்கா, அவ போயிருக்கிற ஊர்ல உங்க ரேடியோ கேக்குமா?"

"கேக்காது தம்பி."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.