அறாத கயிறு

கழுத்தில் மாட்டும் கயிறு உறுதியாக இருக்க வேண்டுமா, இழுத்தால் அறுந்துவிட வேண்டுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மகளுக்கு வெள்ளிக்கிழமை ஆனைமலைக் காட்டில் சாரணர் முகாம். அவளுடைய மடக்குக் கத்தியைத் தொங்கவிட நைலான் கயிறு பின்னி, கூடவே ஒரு விசிலும் கோத்தேன். பின்னல் பிரியாமலிருக்க நுனியை மெழுகுவத்தியில் காட்டினேன். நைலான் கருகிய வாசம் என்னை வெள்ளகோவில் வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்பா கிணற்று மோட்டார் மெக்கானிக். அவருடைய கத்தி எப்போதும் நைந்த நூல் கயிற்றில் கழுத்தில் தொங்கும். எட்டு வயதில் நான் ஆசையாக நைலானில் ஒன்று பின்னிக் கொடுத்தேன். அவரே நுனியைப் பீடி நெருப்பில் உருக்கி, எச்சில் தொட்ட விரலால் நசுக்கினார்.

மறுநாள் மோட்டாரின் ஓடும் பெல்ட்டில், அவர் கழுத்திலிருந்த அந்தக் கயிறு சிக்கிக்கொண்டது. கத்தி கையில் இருந்ததால் அறுத்துப் பிழைத்தார். கழுத்தைச் சுற்றி ரத்தக்கோடு.

"பழைய கயிறா இருந்தா அப்பவே அறுந்திருக்குமுங்க" என்று அம்மா அழுதாள்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா பின்னிப்போட்டே கண்ணு. அதான் அறுந்து போகல."

இதை மகளிடம் சொல்லி, இழுத்தால் அறுகிற நூல் கயிறே போதுமா என்று கேட்டேன்.

"காட்டுல அவசரத்துக்குப் பின்னலைப் பிரிச்சு எதையாவது கட்டத்தானேம்மா இந்தக் கயிறே? அறுந்துபோனா எதுக்கு?"

அவள் சொல்வதும் சரிதான். இடுப்பில் கட்டினால், சறுக்கி விழும்போது கத்தி விரிந்து குத்துமோ என்று பயம். மூன்று முறை பின்னிப் பிரித்துவிட்டேன். பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பியவர்களே, நீங்கள் எப்படிக் கட்டி அனுப்பினீர்கள்? வியாழனுக்குள் சொல்லுங்கள்.