டீக்கடைக் காட்சி

பெரும்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டும் ஜாபர், இருபது வயதில் ஒரே ஒரு படத்தில் நடித்தார். நாயகனின் சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு, தானும் ஒன்று பிடிக்க வேண்டும். அதற்காகவே இருமாமல் புகைக்கப் பழகினார். பிறகு வாய்ப்பே வரவில்லை. சிகரெட் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கத் தொடங்கியதால் போன வருஷம்தான் விட்டார்.

ஞாயிறு மதியம் அந்தப் படம் டிவியில் ஓடியது.

"நீ எப்ப வருவ, அத்தா?" என்றாள் மகள் இரம்.

"தோ, டீக்கடை சீன்ல."

நாயகன் டீக்கடைக்குள் நுழைந்தான். சட்டென்று பாட்டு வந்துவிட்டது.

"இன்னா அத்தா, உன்னக் காணோம்?"

"சிகரெட் சீனுன்னு வெட்டிட்டாங்க போல. நல்லதுதாம்மா. பாக்குற பசங்க கெட்டுப்போவ மாட்டாங்க."

ஆனாலும், ஏதாவது கூட்டத்தில் தன் இளவயது முகம் தெரியாதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.