புதுக்கடைக்குக் கட்டிய சாறி

நல்ல சாறி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதால் எனக்குத் தோளில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

கொட்டாஞ்சேனையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய்விட்டு ஓட்டோவில் வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒருகொடவத்தைக்குக் கொன்டெய்னர் ஏற்றப் போன லொறி ஒன்று சந்தியில் நிற்காமல் வந்து இடித்தது. ஓட்டோ சரிந்தது. அதன் கம்பிக்கும் ரோட்டுக்கும் நடுவில் என் வலது தோள் அகப்பட்டது. பிழை தன்னுடையதுதான் என்று லொறிக்காரனே பொலிஸில் ஒத்துக்கொண்டான், அதனால் நட்டஈடு சுகமாகக் கிடைக்கும் என்று நம்பினோம். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இன்னொரு ஒப்பரேஷன் செய்தால் எழும்பும், அதைத் தனியார் ஆஸ்பத்திரியில்தான் செய்யலாம் என்றார் என்னைப் பார்த்த டொக்டர். அதற்கு எங்களிடம் வசதியில்லை. நான் டியூஷன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறவள். பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதி எவ்வளவு நாளைக்குப் படிப்பிக்கலாம்? நட்டஈடு வந்தால் எனக்குக் கை. வராவிட்டால் இந்த அரைக் கைதான்.

லொறியின் காப்புறுதிக்காரர் தங்கள் டொக்டரிடம் என்னை அனுப்பினார்கள். இருந்ததில் நல்ல சாறியைக் கட்டி, தலை இழுத்துக் கொண்டை போட்டு, பொட்டும் வைத்துக்கொண்டு போனேன். வேறு எப்படிப் போவது? கொழும்பில் எங்கள் ஆட்கள் எந்தக் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் போவோம். யுத்தம் நடந்தபோது சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று பழகியது அது. வடிவாக உடுத்தவளிடம் இரண்டு கேள்வி குறைவாகக் கேட்பார்கள், அடையாள அட்டையைக் கொஞ்சம் மரியாதையாகத் திருப்பித் தருவார்கள். சாவடிகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை.

அந்த டொக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்ததைவிட என் உடுப்பைப் பார்த்ததுதான் கூட. தானே உடுத்திக்கொள்கிறார், தானே தலைவாரிக்கொள்கிறார், அன்றாட வேலைகளுக்குத் தடையில்லை என்று எழுதினார். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், அந்த விபத்துக்குப் பிறகு நான் சாறியைத் தவிர வேறெதையும் வெளியில் உடுக்க முடியாது. சல்வாரைத் தலையால் போட வேண்டும், அதற்குக் கை எழும்ப வேண்டும். சாறிச் சட்டைக்கு முன்னால் கொக்கி, கையை உயர்த்தாமல் மாட்டலாம். ஆனால் இழுத்து மாட்ட அந்தக் கையில் பலமில்லை; மாட்டுவது நானில்லை, என் கணவர். கொய்யகம் மடித்துச் செருகுவதும், தோளில் பின் குத்துவதும், தலை இழுத்து விடுவதும் அவர்தான். ஃபோனில் வீடியோ பார்த்துப் படித்தார் மனுஷன். ஆரம்பத்தில் மடிப்பு ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் கத்துவேன். அவர் பின்னை வாயில் கடித்துக்கொண்டு திரும்ப மடிப்பார். பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் என் தங்கைக்குக்கூட இது தெரியாது. வெட்கம்தான், வேறென்ன. அவருக்கும் எனக்கும்.

வழக்கு புதுக்கடைக் கோர்ட்டுக்குப் போனது. தவணை, தவணை, தவணை. ஒருநாள் அவர்களுடைய லோயர் வரவில்லை, இன்னொரு நாள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. எல்லோரும் வந்த நாளில் கரண்ட் இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் இவர் விடியவே எழும்பி எனக்குச் சாறி கட்டிவிட்டார். கடைசியில் ஒருவழியாக என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள்.

எதிர்த்தரப்பு லோயர் டொக்டரின் அறிக்கையை ஆட்டிக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"இவ்வளவு நேர்த்தியாச் சாறி கட்டி, கொண்டை போட்டு வந்திருக்கிறீங்க. கை எழும்பாது எண்டு எப்படிச் சொல்லுறீங்க?"

"நான் கட்டேல்லை."

"அப்ப யார் கட்டினது?"

இவர் பின்வரிசை வாங்கில் இருந்தார். என்னைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் மானம் போகும், சொல்லாவிட்டால் என் கை போகும். என்னை இடித்த லொறி அதன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, என் வீட்டு அறைக்கதவை நான் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அங்க பின்னால இருக்கிறார், அவர்தான் கட்டினவர். சட்டைக் கொக்கி போட்டதும் அவர், தலை இழுத்ததும் அவர். விபத்து நடந்த நாளில இருந்து அவர்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் கொக்கி என்ற இடத்தில் தடக்கி, கணவர் கொஞ்சம் உதவி செய்கிறாராம் என்று சிங்களத்தில் மழுப்பினார். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

"உதவி இல்லை ஐயா. அவர்தான் உடுத்தி விடுறவர். நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் அப்படியே சொன்னார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். உடனே எதிர்த்தரப்பு லோயர் எழும்பி, கணவர் சாட்சிப் பட்டியலில் இல்லை என்றார். அவரைச் சேர்க்க வேண்டுமென்று இன்னொரு தவணை போட்டார்கள். என் மானத்தைக் கூண்டில் வைத்துக் காட்டியதற்குக் கிடைத்தது அதுதான்.

வெளியே வந்ததும் எங்கள் லோயர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வயதில் சின்னவர், நல்ல பிள்ளை.

"அக்கா, அடுத்த தவணைக்கு வீட்டில போடுற பட்டன் சட்டையோட வாங்கோ. தலையும் இழுக்காதேங்கோ. பார்த்த உடனே பாவமா இருக்கவேணும்."

அவர் சொன்னது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் தலைவிரிகோலமாய்ப் போய் நின்றால்தான் என் தோள் உடைந்ததை நம்புவார்களா?  

"அது ஏலாது, தம்பி," என்றார் இவர். கோர்ட்டுக்குள் போனதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. "நான்தானே கட்டுறன் எண்டு எல்லாருக்கும் இப்ப தெரியும். இனி இன்னும் வடிவாக் கட்டுவன். நானும் கூண்டில ஏறிச் சொல்லுறன்."

கூண்டுப் படியில் ஏறி இறங்கியதில் என் கொய்யகம் கலைந்து நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைக் கண்டார். ஃபைல் தூக்கிக்கொண்டு போகிற கிளார்க்மார், கோட்டுப் போட்ட லோயர்மார், தேத்தண்ணிக் கடைக்குப் போகிற சனம் எல்லோருக்கும் நடுவில் அப்படியே குந்தினார். மடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நேராக்கத் தொடங்கினார். எதிர்த்தரப்பு லோயர் படியால் இறங்கி வந்துகொண்டிருந்தவர், எங்களைக் கண்டு நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் பாக்கினம்," என்றேன்.

"பாக்கட்டும். நீர் ஆடாமல் நில்லும்," என்றார்.

ஆடாமல் நின்றேன்.