தண்டவாளத்தில் தேங்காய் எண்ணெய்

இன்று காலை வீடெல்லாம் தேங்காய் எண்ணெய் மணத்தது. மகள் தன் பொம்மை ரயிலின் தண்டவாளம் முழுக்க எண்ணெய் பூசியிருந்தாள். எண்ணெய் மறித்து, தண்டவாளத்திலிருந்து மின்சாரம் ஏறாமல் இன்ஜின் நின்றுவிட்டது. நான் கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் சிலாபம் ஸ்டேஷனடியில் பொம்மை ரயில் கடை வைத்திருந்த, ஊரே 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்ட முஸ்லிம் பெரியவரின் நினைவு வந்தது. கடல் உப்புக்குத் துருப்பிடிக்காத பொருளே எங்கள் ஊரில் இல்லாததால், தையல் மெஷினுக்கும் கதவுக்கும் பூசுவதுபோல, இத்தாலியிலிருந்து மாமா அனுப்பிய ரயிலின் தண்டவாளத்துக்கும் சின்ன வயதில் நான் எண்ணெய் பூசி, அது ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவேன். கடகடக்கும் விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் கம்பியை மெல்ல மெல்லத் தேய்த்தபடி, "என்னா மகன், ரயிலுக்கும் எண்ண வெச்சித் தல சீவிட்டீங்களா?" என்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ரயில் ஓடுவதைப் பார்க்க என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

அங்கே இப்போது போன் கடை. நானே ரப்பரால் தேய்த்தேன். ரயில் ஓடியதும் மகளைக் கூப்பிட்டேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நீங்களே ஓட்டுங்க அப்பா. நான் தொடமாட்டன்."