ஆற்றிய தண்ணீரில் நீல வெளிச்சம்

கமர்ஜஹானுக்குத் தண்ணீர் மேல் நம்பிக்கை கிடையாது. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது இயல்புதான். குழாயில் வந்தாலும் சரி, கேனில் வந்தாலும் சரி, அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தால்தான் அவளுக்கு அது தண்ணீர். புருஷன் சாகுல் ஹமீதுக்கு ஒருமுறை மஞ்சள்காமாலை வந்துபோன பிறகு இந்தப் பிடிவாதம் இன்னும் முற்றிவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அவர், வீட்டுத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார்.

“என்ன கமரு, உசுரில்லாத தண்ணியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளரை எடுத்து டீயைப் போலவே உயரத் தூக்கி ஆற்றுவார். “காத்து ஏறுனாத்தான் ருசி.” தரையெல்லாம் சிந்தும். துடைப்பது அவள்.

பத்தொன்பது வருடமாக ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். பத்தொன்பது வருடமும் தற்காலிகம்தான். வருடா வருடம் ஒரு தாளில் கையெழுத்து விழுந்தால்தான் அடுத்த வருடம். அதற்குக் குறுக்கே இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை.

இந்த வருடம் புதிதாக ஒரு எந்திரம் வந்தது. எவர்சில்வர் தொட்டி, அடியில் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் பொறி. அந்த ஒலி குலுக்கக் குலுக்க, தண்ணீருக்குள் பொடிக் குமிழிகள் ஊதிப் பெருத்துச் சட்டென்று நசுங்கும். நசுங்கும்போது உள்ளே அடுப்பெல்லாம் தோற்கும் சூடு. அந்தச் சூட்டில் தண்ணீரே உடைந்து, கலந்து வைத்த மருந்தோடு வினை புரிந்து நீலமாக ஒளிரும். திங்கட்கிழமை பேராசிரியர் கிளெமென்ட் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி அதைக் காட்டியபோது, கமர்ஜஹான் தன்னை மறந்து “மாஷா அல்லாஹ்” என்றாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வகத்தைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. காலை எட்டரைக்கு ஒத்திகை. எந்திரம் உறுமியது, வெளிச்சம் வரவில்லை. மருந்தை மாற்றிப் பார்த்தும் இருட்டு இருட்டாகவே இருந்தது.

“நேத்து தொட்டியக் கழுவுனது யாரு?”

“நான்தான் சார்.”

கிளெமென்ட் கடகடவென்று ஒரு கடிதம் எழுதி, முதல்வர் அறையில் கொடுக்கச் சொல்லி அவளிடமே நீட்டினார். நல்ல மனுஷர்தான், பதற்றம் வந்தால் நல்ல மனுஷருக்கும் புத்தி மட்டுப்பட்டுவிடுகிறது. வராந்தாவில் நின்று அவள் படித்தாள். உதவியாளர் கவனமில்லாமல் கழுவியதால் எந்திரம் பழுதாகியிருக்கலாம் என்று இருந்தது. அந்த ஒரு வரியில் வேலை போய்விடும் என்று தெரிந்தது.

உள்ளே அவர் எந்திரக் கம்பெனிக்காரரிடம் ஃபோனில் பேசுவது கேட்டது. “தண்ணியில காத்து கரைஞ்சிருந்தாத்தான் குமிழி வரும்னு தெரியும் சார். இது நல்ல டிஸ்டில்டு வாட்டர், காத்து இல்லாம எங்க போகும்?”

அவள் கால் நின்றுவிட்டது. குழு வருகிறதே, சுத்தமாக இருக்கட்டும் என்று, இருந்த ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டரையும் நேற்று அரைமணி நேரம் கொதிக்க வைத்து, பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடியவள் அவள்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இதைச் சொன்னால், கடிதத்தில் இருக்கிற ‘இருக்கலாம்’ என்ற சொல்லும் மிச்சமிருக்காது. ஆனாலும் உள்ளே போனாள்.

“சார், தப்பு என்னோடது. அம்புட்டுத் தண்ணியையும் நான் காய்ச்சிட்டேன்.”

கிளெமென்ட் ஃபோனை வைத்தார். “காத்தெல்லாம் போயிருக்குமே கமரக்கா. இப்ப வேற தண்ணிக்கு எங்க போறது?”

“வேற எதுக்கு சார்? ஆத்துனா காத்து ஏறிரும்.”

இரண்டு பெரிய பீக்கர்களை எடுத்தாள். ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்புக்குக் கீழ். சாகுல் ஹமீது பார்த்திருந்தால் கடையில் மாஸ்டராகவே சேர்த்திருப்பார். மேசையெல்லாம் சிந்தியது. தோள் கடுக்கும்வரை ஆற்றினாள்.

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி மருந்தைக் கலந்து, கறுப்புத் துணியை இழுத்துவிட்டார்கள். தொட்டி உறுமியது. முதலில் ஒன்றுமில்லை. கண் இருட்டுக்குப் பழகியபோது தண்ணீருக்குள் மெல்ல நீலம் படர்ந்தது. எந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கமர்ஜஹான் அழுதாள். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நிம்மதியாகவே அழுதாள்.

“கமரக்கா” என்று கிளெமென்டின் குரல் கொஞ்சம் கூசிக்கொண்டு வந்தது. “அந்த லெட்டரக் குடுத்துட்டீங்களா?”

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்ல சார். மேசை ஈரமாயிருச்சுன்னு பீக்கருக்கு அடியில விரிச்சுட்டேன்.”