அருவிக்கரையில் ஒரு சாமுராய்

போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் ஜப்பானில் செத்துப்போனேன்.

பதறாதீர்கள். பதினொன்றே காலுக்கு மறுபடியும் செத்தேன். நடுவில் ஒரு காபி குடித்தேன்.

விஷயம் இதுதான். இருபத்தெட்டு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன கையோடு, நான் வீடியோ கேம் ஆட ஆரம்பித்திருக்கிறேன். சாமுராய் கேம். ஓப்பன் வேர்ல்டு என்கிறார்கள். அதாவது, ஒரு முழு நாட்டையே கட்டி, கையில் ஒரு வாளையும் கொடுத்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். மலையேறலாம், குதிரை ஓட்டலாம், யாரோடாவது வம்புக்குப் போகலாம். எதுவும் செய்யாமல் நின்று மழையை வேடிக்கை பார்த்தாலும் கேட்பார் இல்லை.

இந்த வயதில் இது தேவையா என்கிறீர்களா? தேவைதான். அந்த மழையைச் செய்தது என் மகள்.

முத்துச்செல்வி. பெங்களூருவில் இருக்கிறாள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். என்ன வேலை என்று எழுதியதில்லை. கேம் வெளிவரும் வரை எழுத்தில் எதுவும் வரக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். இப்போது வெளிவந்துவிட்டது. எனவே சத்தமாகவே சொல்கிறேன். அந்த விளையாட்டில் ஓடுகிற, விழுகிற, தேங்குகிற, தெறிக்கிற தண்ணீரையெல்லாம் செய்த குழுவில் எங்கள் தென்காசிப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பெருமைதான். மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

மறைக்கிற ஆள் வேறொருவர். என் வீட்டுக்காரர்.

அவரை உங்களுக்குத் தெரியும். போன மாதம் இன்வெர்ட்டரோடு மல்லுக்கட்டி, கடைசியில் அதைக் குற்றவாளி என்று முடிவு செய்தவர். ரிட்டயர்டு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். அவருடைய அப்பாவும் போலீஸ். சிவகிரியில் இருக்கும் அண்ணன் மிலிட்டரி. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோக்களில் தொப்பி இல்லாத ஆண் யாரும் இல்லை. ஒரே மகளும் காக்கி போடுவாள் என்று மனுஷன் மலைபோல நம்பியிருந்தார். எஸ்.ஐ. தேர்வு அப்ளிகேஷனை அவரே உட்கார்ந்து நிரப்பினார். அவளோ கம்ப்யூட்டரில் படம் போடுகிற கோர்ஸ் படிக்கப் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவர் தடுக்கவில்லை. திட்டவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறு வருஷமாக 'கேம்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிவகிரியிலிருந்து அண்ணன் போன் செய்வார். "செல்வி என்ன வேலை பாக்கா?" என்பார். "கம்ப்யூட்டர்ல" என்பார் இவர். அடுத்த நொடி பேச்சு முழங்கால் வலிக்குப் போய்விடும்.

லீவில் வீட்டுக்கு வந்திருக்கும்போது செல்வியும் இதைக் கேட்பாள். துணி மடித்துக்கொண்டிருந்தால், மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளை செய்கிற வேலையின் பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? அவள் என்ன சங்கிலியா அறுக்கிறாள்?

ஆறு மாதம் முன்பு டிரெய்லர் வந்தது. "இதுதாம்மா" என்று மட்டும் செல்வி ஒரு மெசேஜ் அனுப்பினாள். போதாதா? காய்கறிக்காரரிடம் காட்டினேன். பால் சொசைட்டியில் காட்டினேன். பல் டாக்டரிடம், அவர் கருவி என் வாய்க்குள் இருக்கும்போதே போனை நீட்டினேன். ஓரிடத்தில் இரண்டே செகண்டு ஓர் அருவி வரும். அந்த இரண்டு செகண்டுக்காக எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு டீச்சரான எனக்கே கணக்கில்லை.

வீட்டுக்காரரிடமும் காட்டினேன். "ம்" என்றார். கண்ணாடி போடாமலே.

கேம் வெளியான மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, செல்வி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையில் நாலு துண்டுகளுக்கு நடுவே கைக்குழந்தை மாதிரி கன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டி. மூன்று நாள் லீவு. "ஒங்க கூட ஒக்காந்து ஆடத்தாம்மா வந்தேன்" என்றாள். நான் நம்பினேன்.

கேம் டவுன்லோடு ஆக வேண்டுமே! இது சாரல் காலம். குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளினால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். நாற்பது சதவீதத்தில் ஒருமுறை போனது. எழுபத்திரண்டில் ஒருமுறை. தொண்ணூற்றெட்டில் போனபோது நான் இன்வெர்ட்டரைப் பார்த்த பார்வையில், வீட்டுக்காரர் சொன்ன தீர்ப்பு சரிதான் என்று தோன்றியது. ஒருவழியாகச் சனிக்கிழமை காலை முடிந்தது.

கன்ட்ரோலரைக் கையில் வாங்கினேன். என் சாமுராய் முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு ஒரு சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தார். குதிரை மேல் ஏறச் சொன்னால் குதிரை முன்னால் வாளை உருவினார். செல்வி தரையில் படுத்துச் சிரித்தாள்.

ஆனால், அந்த மழை இருக்கிறதே... தூறலா, பனியா என்று தெரியாத எங்கள் ஊர்ச் சாரலேதான். கல்படியில் முதலில் ஓரம் கறுத்து, பிறகு நடுவில் நனைகிறது. மூங்கில் இலை நுனியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கன்ட்ரோலரை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன், கொடியில் கிடந்த துணியை எடுக்க. வெளியே சுள்ளென்று வெயில்! நாலு நாளாகக் காயாத துணி அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது.

நான் திரும்பி வந்தபோதும் வீட்டுக்காரர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக ஒரே பக்கம். "நியூஸ் எப்பம் வைப்பிய?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது.

இந்த இடத்தில், நாங்கள் குடும்பமாகக் குற்றாலம் போன லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். இவர் பதினெட்டு சீசன் அருவிக்கரையில் பந்தோபஸ்து டூட்டி பார்த்தவர். சுற்றியிருக்கும் கூட்டம் எண்ணெய் தேய்க்கும், சோப்பு போடும், கத்தும். இவர் மட்டும் கழுத்தில் விசிலோடு மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பார். லீவு நாளில் எங்களோடு வந்தாலும் அதே கதைதான். தலையில் தண்ணீர் பட்டு ஐந்து நிமிஷம் ஆவதற்குள் "போதும், வெளிய வாங்க" என்பார். செல்விக்கு ஒன்பது வயதில், ஐந்தருவியில் நன்றாகக் குளித்துக்கொண்டிருந்தவளைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்துவிட்டார். கூட்டமே பார்த்தது. அவள் அழுது தீர்த்தாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வருகிறது என்று சைரன் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள் என்பது வேறு விஷயம். பிள்ளை இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

சரி, ஜப்பானுக்கு வருவோம்.

சுவரிலிருந்து விடுபட்ட என் சாமுராய் எப்படியோ ஒரு மலையிடுக்குக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஓர் அருவி. டிரெய்லரில் வந்த அதே அருவி! கீழே முழங்காலளவு தண்ணீர். அதன் நடுவில் முகமூடி போட்ட ஒருவன் வாளோடு காத்திருக்கிறான். நான் கையில் அகப்பட்ட பட்டனையெல்லாம் அமுக்கினேன். அவன் என்னை அடித்தான். நான் காற்றை அடித்தேன். திடீரென்று ஒரு இரைச்சல். மேலிருந்து ஒரே வெள்ளம். அவனும் போனான், நானும் போனேன். திரை கறுப்பு.

காபி குடித்துவிட்டு வந்தேன். மறுபடி சண்டை, மறுபடி வெள்ளம், மறுபடி கறுப்பு.

"இது அநியாயம்ட்டி. சொல்லாம கொள்ளாம வெள்ளம் வந்தா என்ன செய்ய?" என்றேன்.

செல்வி டிவியைப் பார்க்கவே இல்லை. அப்பா பிடித்திருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை. இப்போது எனக்குக் கொஞ்சம் கை வந்திருந்தது. முகமூடிக்காரனை ஒரு வெட்டு வெட்டியும் விட்டேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏளா... நில்லு."

பேப்பர் இறங்கியிருந்தது. மூக்கில் கண்ணாடி.

"என்ன?"

"தண்ணி கலர் மாறுது."

எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. "எங்கன?"

"எடது ஓரம். பால் ஊத்தாத கட்டஞ்சாயா கணக்கா வருது பாரு. சருகு வருது... சுள்ளி வருது. மேல நல்லா பெஞ்சிருக்குட்டி!" எழுந்துவிட்டார். பேப்பர் தரையில் விழுந்தது. அடுத்து வந்தது வீட்டில் பேசுகிற குரல் இல்லை. அருவிக்கரையில் ஆயிரம் பேரைக் கரையேற்றுகிற குரல். "ஏலே, வெளிய வாங்கலே! ரெண்டு பேரும் வெளிய வாங்க! சண்டைய அப்புறம் போடலாம்!"

கன்ட்ரோலரோடு நானும் எழுந்துவிட்டேன். "எங்க போவ?"

"வலது பக்கம் பாற மேல ஏறு! ஏறுட்டி!"

அதிசயம், என் சாமுராய் முதல் தடவையாகச் சொன்னதைக் கேட்டார். இரண்டே தாவல், பாறை உச்சி. முகமூடிக்காரன் கீழேயே நின்றான்.

"ஏலே முகமூடி, ஒன்னத்தாம்லே!" என்றார் இவர்.

வெள்ளம் வந்தது. மரமும் மண்ணுமாக இடுக்கை நிறைத்துக்கொண்டு எங்கள் காலுக்கு ஒரு முழம் கீழே பாய்ந்து போனது. முகமூடிக்காரனைக் காணோம்.

"சொன்னாக் கேக்கணும்லா" என்று அவனைக் கடிந்துகொண்டு, மூச்சு வாங்க நின்றார் வீட்டுக்காரர்.

செல்வி எழுந்து உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "எப்படிப்பா தெரிஞ்சுது?"

"என்னட்டி கேள்வி? பதினெட்டு சீசன் பாத்த தண்ணி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். டிவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "இத நீயா செஞ்ச?"

"ஆமாப்பா."

பிறகுதான் கதை வந்தது. இந்த வெள்ளத்துக்கு எச்சரிக்கையாகத் திரையில் சிவப்பு எழுத்து போடலாம் என்றார்களாம் ஆபீஸில். ஒரு முரசு ஒலிக்கலாம் என்றார் இன்னொருவர். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளத்துக்கு முன்னால் தண்ணீரே சொல்லிவிடும், அது போதும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். ஆடிப் பார்க்கிற டெஸ்டர்கள் அத்தனை பேரும் வரிசையாக அடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கண்ணிலும் அந்த நிறம் படவில்லை. கடைசியில் மேலதிகாரி கேட்டாராம், "உலகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆளாவது இருக்கிறாரா?"

"ஒருத்தர் இருக்கார்னு சொன்னேம்ப்பா."

மூன்று முறை அடித்துக்கொண்டு போனால் நாலாம் முறை திரையில் குறிப்பு வரும் என்று சமாதானம் ஆனதாம். இவர் பேப்பரை இறக்கியது மூன்றாம் முறை. அவள் மூன்று நாள் லீவு போட்டு வந்தது என்னோடு ஆடுவதற்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பேப்பரை இறக்குகிறாரா என்று பார்க்க வந்திருக்கிறாள்.

கட்டிப்பிடித்தார், கண்ணீர் விட்டார் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அவர் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார். "எல்லாம் சரி. நொர மட்டும் கொஞ்சம் வெள்ளையா இருக்கு. வெள்ளத்துக்கு முன்னால நொர மஞ்சளடிக்குமே, அதப் போடலியா?"

"விட்டுட்டேம்ப்பா" என்று செல்வி போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அப்புறம் மத்தியானச் சாப்பாடு ஆறும் வரை இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை. அதைவிடச் சந்தோஷமான சனிக்கிழமை எனக்கு நினைவில் இல்லை.

சாயங்காலம் கேமில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் போட்டுக் காட்டினாள். வாயில் நுழையாத பெயர்களாக மேலே போய்க்கொண்டே இருந்தன. நடுவில் எஸ். முத்துச்செல்வி. அந்த 'எஸ்' அவர். எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அதை நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிவகிரி போன் வந்தது. ஸ்பீக்கரில் பெரியவர் கேட்டார். "செல்வி வந்திருக்காளாமே? என்ன வேலை பாக்கான்னு சொன்ன?"

செல்வியின் கையில் மடித்த துணி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"கேம் செய்யுதாண்ணே."

"என்னது?"

"கேம். சாமுராய் கேம். ஒலகம் பூரா ஆடுதாவ. அதுல உள்ள தண்ணி பூரா நம்ம பிள்ள பொறுப்பு."

குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம் என்று செல்வி விரல்களை விரித்துச் சைகை காட்டினாள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. முழங்கால் வலிக்குப் பேச்சு வர அரை மணி நேரம் ஆனது. துணியை அவள் ஒரே தடவைதான் மடித்தாள்.

அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். கன்சோல் இங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹாலுக்கு வந்தால், வீட்டுக்காரர் கையில் கன்ட்ரோலர். நடக்க, ஏற, குதிரையைக் கட்ட எல்லாம் தானே கற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் வாளை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. திரையில் அவர் சாமுராய் அந்த அருவிக்கரைப் பாறை மேல், சாரலில் நனைந்தபடி, மேலே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். அரை மணி நேரம் கழித்து வந்தேன். அப்போதும் அப்படியே.

"ஏங்க, என்ன செய்யுதிய?"

கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பந்தோபஸ்து."