எல்லா டம்ளரும் வலது பக்கம்

இன்னிக்கு எங்க ஷூ கம்பெனி கேன்டீன்ல டேபிளை எல்லாம் ஓரம் தள்ளிட்டு பிலாட்டிஸ்னு ஒரு உடற்பயிற்சி கிளாஸ் நடத்துனாங்க. தையல் மெஷின்ல உக்கார்ற பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி ஜாஸ்தியாம்.

கிளாஸ் எடுக்க வேலூர்லேர்ந்து வந்த மேடம் எங்கள ஆளுக்கொரு பாய்ல மல்லாக்கப் படுக்க வெச்சாங்க. ஒவ்வொருத்தர் அடிவயித்து மேலயும் பாதி தண்ணியோட ஒரு பேப்பர் டம்ளர்.

"இடுப்பெலும்பு ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஒரு கால மட்டும் மெதுவா தூக்குங்க. இடுப்பு அசையலன்னா டம்ளரும் அசையாது."

தூக்குனோம். என் டம்ளர் வலது பக்கம் கவுந்துச்சு. பக்கத்து மெஷின் மும்தாஜோடதும் வலது பக்கம். தலைய திருப்பிப் பாத்தா, வரிசை முழுக்க வலது பக்கம்தான் ஈரம். எல்லாரும் சிரிச்சோம்.

மேடம் சிரிக்கல. "இந்தத் தரை சரிவா இருக்கா?"ன்னு கேட்டுட்டு, என் பாய்லயே படுத்து, டம்ளர வெச்சு, கால தூக்கிப் பாத்தாங்க. ஒரு சொட்டு சிந்தல.

மும்தாஜ்தான் மெதுவா சொன்னா: "தரை சரியாதான் இருக்கு மேடம். நாங்க எல்லாரும் பெடல் மிதிக்கிறது வலது கால்ல."

அப்புறம் யாரும் சிரிக்கல. மேடம் ஒவ்வொருத்தர் இடுப்பையும் புடிச்சு நேரா வெச்சு, மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்க. நெஜமாவே வலி கம்மியாச்சு.

பெல் அடிச்சுது. மெஷின்ல போய் உக்காந்தேன். நான் சொல்லாமலே வலது கால் பெடலுக்குப் போயிடுச்சு.

எங்க இடுப்ப நேராக்க ஆள் வந்துட்டாங்க. மெஷின நேராக்க யார கூப்புடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.